கற்பூரத் தட்டுக்கு நீட்டிய கை

மூன்று வருடம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்கிற பட்டறையில், ஆயுத பூஜைக்கு முதல் நாள் நடந்தது. பண்டிகை அன்று லீவு என்பதால் நாங்கள் முதல் நாள் காலையிலேயே பூஜை போட்டுவிடுவோம்.

பட்டறை பெரிதில்லை. ஒரு ஷட்டர், ஒரே அறை. எரிந்துபோன மோட்டார், கை கிரைண்டர், டிரில் எல்லாம் ரிப்பேருக்கு வரும். நான் மோட்டாருக்குள் வைக்கிற கம்பிச் சுருளை, காயிலை, சுற்றுகிறவள். ஐந்தாவது வரைதான் படிப்பு. தலைமுடி மாதிரி இருக்கிற செம்புக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்ற வேண்டும். கம்பி இறுகுகிறதா, தளர்கிறதா என்று விரல்தான் சொல்லும். அந்த விரலை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அன்று என்னோடு மூன்று பேர். முதலாளி, மெக்கானிக் அண்ணன், என் கூடவே காயில் சுற்றுகிற ஒருத்தி. அவள் சர்ச்சுக்குப் போகிறவள். நான் திருநின்றவூரில் ரயில் ஏறினால் அவள் ஆவடியில் ஏறுவாள். அப்படிப் பழக்கம்.

பூஜைக்கு மெஷின்களைச் சுத்தம் செய்கிறது என் வேலை. வருடம் பூராவும் ஏறின கிரீஸும் கரித்தூளும் பெயிண்டில் கலக்கிற தின்னருக்குத்தான் போகும். ஒரு பேசினில் ஊற்றி, பழைய துணியை முக்கித் துடைப்பேன். எப்போதும் வாசலில் உட்கார்ந்துதான் செய்வேன். அன்று மழை. உள்ளே உட்கார்ந்தேன். பன்னிரண்டு மெஷின். காற்றுப் போகிற ஓட்டைக்குள் எல்லாம் பிரஷ் விட்டு எடுத்தேன். புதுசு மாதிரி ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது.

தின்னர் வாடை முதலில் மூக்கை அறுத்தது. அப்புறம் தெரியவில்லை. வாடை போய்விட்டது என்று நினைத்தேன். போனது என் மூக்கு.

மேஜை மேல் மஞ்சள் துணி விரித்து மெஷின்களை வரிசையாக வைத்தோம். பேசின் அசிங்கமாகத் தெரிந்ததால் மேஜைக்கு அடியில் தள்ளினேன். துணி தரை வரை தொங்கியது, மறைத்துவிட்டது. கையை அந்தப் பழைய துணியிலேயே துடைத்து, துணியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதுவும் தின்னரில் நனைந்த துணிதான்.

சாரல் அடித்தது. மெக்கானிக் அண்ணன் ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். விளக்கு அணையக்கூடாது என்று முதலாளி ஃபேனை நிறுத்தினார். அவள் வழக்கம்போல வெளியே, கூரைத் தகரத்துக்குக் கீழே நின்றாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, எனுக்குப் பொரி கடலைய படைக்கிறதுக்கு மின்னாடியே தனியா எடுத்து வெச்சியா?"

"வெச்சுக்கீறேன்டி. கத்தாதே."

"சாமி வாணாம், பொரி மட்டும் வோணும். நல்லாக்கீது உன் கத!" என்றார் மெக்கானிக் அண்ணன்.

"நீ கிறிஸ்மஸுக்கு கேக்கு துன்னுட்டு சர்ச்சுக்கா வந்தே? போண்ணே!"

எல்லோரும் சிரித்தோம். முதலாளி மணி அடித்தார். கற்பூரத்தை ஏற்றினார்.

அப்போது ஒன்றைப் பார்த்தேன். ஷட்டருக்கு அடியில் வந்த வெளிச்சத்தில், தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு எல்லாம் அசைந்தது. மேஜைக் கால் நெளிந்தது. முதலாளியின் பாதம் நெளிந்தது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் தெரியுமே, அந்த மாதிரி. வெளியே மழை. தின்னர் ஆவிதான் தரையோடு தேங்கி நிற்கிறது என்று அப்போது தெரியாது. எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. காலையில் சாப்பிடாததுதான் என்று நினைத்துக் கையைக் கூப்பினேன்.

தட்டு முதலில் மெக்கானிக் அண்ணனிடம் போனது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்தது நான். இரண்டு கையையும் நீட்டினேன்.

என் கை தட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் சுடர் சாய்ந்து என்னிடம் வந்தது.

சத்தமே இல்லை. விரல் ஒவ்வொன்றின் மேலும் நீலமாக ஒரு தோல் ஏறினது போல இருந்தது. சுடவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் கை என்று தோன்றவில்லை. முதலாளியும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயில் மந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது அவ்வளவு சின்ன நேரமில்லை.

அப்புறம் சுட்டது. கையை உதறினேன். ஒரு பொட்டு நெருப்பு கீழே விழுந்தது. தரையில் நீலமாக ஒரு கோடு ஓடியது. வழி தெரிந்தது போல நேராக மேஜைக்கு அடியில் போனது. யாரோ உள்ளே விளக்கு எடுத்துப் போன மாதிரி, மஞ்சள் துணி உள்ளிருந்து வெளிச்சமானது. பேசின் பிடித்துக்கொண்டது. துணி வழியாக மேலே ஏறியது. துடைத்து வைத்த மெஷின்களின் ஓட்டைக்குள் ஒவ்வொன்றாகச் சிவப்பு தெரிந்தது. பன்னிரண்டும் கண் திறந்து என்னைப் பார்த்தது.

முதலாளி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். மெக்கானிக் அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஊத்தாதீங்க சார்! தின்னரு தண்ணி மேலயே மெதந்துகினு ரூம்பு பூரா ஓடும்!"

அதற்குள் அவள் ஷட்டருக்கு அடியில் நுழைந்துவிட்டாள். வாசலில் கால் துடைக்கிற சாக்கு மழையில் ஊறிக் கிடந்தது. அதை என் இரண்டு கையிலும் சுற்றி அமுக்கினாள். என் இடுப்பில் இருந்த துணியைப் பிடுங்கி மழையில் வீசினாள். பிறகு வாசலுக்கு ஓடினாள். நெருப்பு அணைக்கவென்று வைத்திருந்த இரண்டு சிவப்பு வாளி மணலில்தான் அந்த வருடம் வாழைக்கன்று நட்டிருந்தோம். கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணலைப் பேசினில் கொட்டினாள். இன்னொரு வாளியை மெக்கானிக் அண்ணன் மேஜை மேல் கொட்டினார்.

அணைந்தது. ஒரே புகை. முதலாளி இருமிக்கொண்டே ஃபேன் சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினார்.

"சுச்ச தொடாதீங்க சார்!" என்று அவள் அலறினாள். "ஒரு பொறி வந்தா மறுபடியும் புடிச்சுக்கும். ஷட்டர மட்டும் தூக்குங்க."

ஷட்டரைத் தூக்கினார்கள். எல்லோரும் மழையில் போய் நின்றோம். அவள் சாக்கை மெதுவாகப் பிரித்தாள். கை வெள்ளையாக இருந்தது, வேக வைத்த மாதிரி.

"யக்கா, வெரல மடக்கு, பாக்கலாம்."

மடக்கினேன். ஒவ்வொன்றாக மடங்கியது. அவள்தான் அழுதாள். எனக்கு வரவில்லை.

நாலு மாதம் கம்பி தொடவில்லை. வலது கையில் இரண்டு விரல் நுனியில் இப்போதும் உணர்ச்சி கிடையாது. மெல்லிய கம்பி எனக்குத் தருவதில்லை. தடித்த கம்பி சுற்றுகிறேன். வேலை இருக்கிறது. அது போதும்.

பூஜை இப்போதும் உண்டு. தின்னரை உள்ளே திறக்கிறதில்லை. மழை வந்தால் மெஷினை வெறும் துணியால் துடைத்து வைக்கிறோம், அழுக்கு இருந்தால் இருக்கட்டும். சோப்புப் போட்டுக் கழுவாத கையைத் தட்டுக்கு நீட்ட விடமாட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் சிரிப்பார்கள். "இன்னாக்கா, சாமி கும்புடறதுக்குக் கூட இம்மா ரூல்ஸா?" என்பார்கள். நான் சோப்பை எடுத்து நீட்டுவேன்.

ரயிலில் வரும்போது சில நாள் அதை யோசிப்பேன். மெஷின் பளபளக்க வேண்டும் என்று நான் துடைத்தேன். சாரல் படக்கூடாது என்று ஒருவர் ஷட்டரை இறக்கினார். விளக்கு அணையக்கூடாது என்று ஒருவர் ஃபேனை நிறுத்தினார். அன்று அந்த அறையில் யாருமே கெட்டது நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.