ஜீவமணியின் இடது காது

திரேஸ்புரத்தில் ஜீவமணி மாமாவிடம் பேச வேண்டுமென்றால் அவருக்கு வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். இடது காது செத்துப்போன காது. சின்ன வயதில் சங்கு எடுக்க முங்கியபோது செவிப்பறை கிழிந்துவிட்டது. ஒரு திருவிழாவில் அந்தக் காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தபோதும் திரும்பிப் பார்க்காமல் அவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

அந்தக் காதோடுதான் அவர் குத்துச்சண்டையில் சாம்பியன் ஆனார். முதலில் லைட்வெயிட். பிறகு உடம்பு ஏற்றி வெல்டர்வெயிட். அதற்கும் மேலே போய் மிடில்வெயிட். தென்மாவட்டங்களில் மூன்று எடையில் பட்டம் வாங்கிய ஆள் அவர் ஒருவர்தான் என்பது அவர் கணக்கு. இப்போது சங்கு வியாபாரி ஒருவரின் கொட்டகையில் சங்குகளைக் கழுவித் தரம் பிரிக்கிறார். வேலைக்கு நடுவே ஒரு சங்கை எடுத்து அந்தச் செத்த காதில் வைத்துப் பார்ப்பார்.

"என்ன மாமா கேக்கு?" என்று நான் சீண்டுவேன்.

"ஒண்ணும் கேக்கல. அதாம்ல வச்சுப் பாக்கேன்."

பத்தாம் எண்ணிக்கைக்குள் எழுந்து நிற்கப் பாடுபடுகிறவரைப்போல ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி நிறுத்திப் பேசுவார். கோயில் விழா மேடைகளில் நான் ஊர்ப் பெரியமனிதர்களின் குரல்களைப் பேசிக் கைதட்டு வாங்குகிறவன். அவர் குரல் எனக்கு அத்துப்படி.

இந்த வருஷம் எங்கள் இளைஞர் மன்றத்தின் குத்துச்சண்டைக் கொட்டகையைப் புதுப்பித்தார்கள். வாசலில் வைக்கப் பெரிய பலகை ஒன்று தயாரானது. பெயிண்டர் இசக்கியப்பன் அதில் ஜீவமணியின் பெயரை எழுதினான். அதன் கீழே கொஞ்சம் இடம் விட்டு, 'எடைகளில் சாம்பியன்' என்றும் எழுதிவிட்டான். விட்ட இடத்தில் இரண்டு என்று எழுதுவதா, மூன்று என்று எழுதுவதா? சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு என்றவர் நேசக்குமார் அண்ணாச்சி. பெயிண்ட் நன்கொடை கொடுத்தவர். அந்தக் காலத்தில் ரெஃப்ரியாக இருந்தவர்.

"லைட்வெயிட்ல மொத்தமே நாலு பேருல. அதுல ஒருத்தனுக்கு வயித்துப்போக்கு" என்பார்.

"வயித்துப்போக்கு வந்தவனும் ஆளுதான அண்ணாச்சி?" என்பான் இசக்கியப்பன்.

"சரி, அத விடு. வெல்டர்வெயிட்ட ஒத்துக்கிடுதேன். அன்னைக்கு இவன் அடிச்சத இப்ப நெனச்சாலும் எனக்குத் தாடை வலிக்கு. ஆனா மூணாவது இருக்கே, அது பெல் அடிச்ச பெறவு விட்ட குத்து. என் கண்ணு முன்னால நடந்தது."

"நீங்கதான ரெஃப்ரி? பெறவு ஏன் அவரு கையத் தூக்குனீக?"

"பெல்லு கேக்கலன்னு சொன்னான். செவிட்டுக் காதுன்னு ஊருக்கே தெரியும். மார்க்கு போடுதவங்க எல்லாரும் சரின்னுட்டாவ. நான் மட்டும் என்ன செய்ய?"

ஜீவமணி இதற்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "கேக்கல. மூணுன்னு எழுதுல."

தினமும் வேலை முடிந்து வந்து, எண் விழுந்துவிட்டதா என்று பலகையைப் பார்ப்பார். கோப்பைகளை உப்புக்காற்று தின்றுவிட்டது. போட்டோக்களைக் கரையான் தின்றுவிட்டது. மகள் ஜெயபிரியா திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பேரனைக் கூட்டி வருகிறாள். போனில் பேரனிடம் 'தாத்தா மூணு' என்று சொல்லி வைத்திருந்தார். அவரிடம் மிச்சம் இருந்தது அந்த மூன்று மட்டும்தான்.

அந்த மிடில்வெயிட் போட்டியில் குத்து வாங்கி விழுந்தவர் மெல்வின். ஜீவமணியோடு ஒரே படகில் சங்கு எடுத்தவர். தோற்ற மறுநாளும் அதே படகில் ஏறினார். அந்தக் குத்தைப் பற்றி ஜீவமணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பார்கள். அடுத்த வருஷம் வான்தீவுக்கு அப்பால் முங்கியவர் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

திறப்பு விழாவுக்குள் வழக்கை முடித்துவிடலாம் என்று நேசக்குமார் அண்ணாச்சி ஒருநாள் பழைய கேசட்டிலிருந்து அந்தப் போட்டியைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். குத்து விழுகிறது, மெல்வின் சாய்கிறார், கூட்டத்தின் இரைச்சலில் மணி கேட்கவில்லை. வழக்கு முடியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு இடத்தில் மெல்வின் கையுறையைத் தட்டிக்கொண்டு, "வாலே ஜீவா" என்று கூப்பிடுகிறார். மூக்கடைத்த குரல், கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு. இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஷாமு, அந்தக் குரல எடுத்து விடுல" என்றான் இசக்கியப்பன் என்னிடம்.

சாயங்கால வெயில் இன்னும் கொட்டகைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. ஜீவமணி மேடை விளிம்பில் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் அண்ணாச்சியும் இசக்கியப்பனும் இருந்ததால் நான் இடப்பக்கம் போய், சற்றுப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னேன்.

"வாலே ஜீவா."

அவர் இடப்பக்கமாகத் திரும்பினார்.

சிரிக்க ஆரம்பித்த இசக்கியப்பன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"வாரேம்ல" என்றார் ஜீவமணி. இருபது வயதுப் பையனின் குரல். இத்தனை வருஷம் அவரைப் பேசிக்காட்டிய நான் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். என் நாக்கு எங்கே சொன்ன பேச்சைக் கேட்கிறது? அதே மூக்கடைத்த குரலில் கேட்டேன்: "ஜீவா, பெல்லு கேட்டுச்சால?"

என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னால், என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தார்.

"கேட்டுச்சு."

அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வலது காதுல நல்லாவே கேட்டுச்சு. நீ கைய இறக்குனதயும் பாத்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் பேச்சு முடியவில்லை. இடது காதைச் சாய்த்துக் கேட்டார். "ம்" என்றார். மறுபடியும் கேட்டார். "ஆமா." இந்தத் தடவை வெகுநேரம் கேட்டார், கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா நீ? தெனமும் ஒரே படகுலதான இருந்தோம்?" பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு திடீரென்று சிரித்தார். "புரோட்டாவா? இந்த வெயில்லயா? போலே."

எழுந்து பலகைக்கு முன்னால் போனார். "ஏலே இசக்கி, ரெண்டுன்னு எழுது."

முதலில் பதறியது நேசக்குமார் அண்ணாச்சிதான். "ஏலே ஜீவா, பய ஏதோ வெளையாட்டுக்குப் பேசுனான். மூணுன்னே இருக்கட்டும். நான் இத்தன வருசமா சும்மா வாயடிச்சேன்னு வச்சுக்க."

"நீங்க சரியாத்தான் சொன்னீக அண்ணாச்சி."

"பேரன்ட்ட என்ன சொல்லுவ?"

"ரெண்டுன்னு சொல்லிக்கிடுதேன்." பிறகு இசக்கியப்பனிடம், "கீழ இன்னொரு வரி போடு. மிடில்வெயிட், மெல்வின்."

இசக்கியப்பன் பலகையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டு எழுதினான். இப்போதும் போய்ப் பாருங்கள், 'இரண்டு' ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

மறுநாள் சங்குக் கொட்டகைக்குப் போனேன். ஞாபகமாக வலப்பக்கம் நின்றேன்.

"மாமா, கோவமா? சும்மா ரெண்டு வார்த்ததான் பேசுனேன்."

"எனக்கென்னல கோவம்? அச்சு அசல் அவந்தான். ஆனா ஒண்ணு கேக்கணும்." ஒரு சங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "இடைல இடைல இருமுனியே, அந்த இருமல எங்கல புடிச்ச? அந்த கேசட்டுல இருக்காதே. போட்டி முடிஞ்ச பெறவு தானல அவனுக்கு அந்த இருமலே வந்தது."

நான் இருமவே இல்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

டீக்கடையில் சண்டை இன்னும் ஓயவில்லை. கட்சிதான் மாறிவிட்டது. ஜெயித்த பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த சாம்பியன் உலகத்தில் எவன் இருக்கிறான் என்று நேசக்குமார் அண்ணாச்சி மேசையைத் தட்டுகிறார். திருப்பிக் கொடுத்தது சரி, முதலில் எதற்கு எடுத்தார் என்று இசக்கியப்பன் கேட்கிறான். என்னை மெல்வின் குரலில் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள். தொண்டை சரியில்லை என்று நழுவிவிடுகிறேன்.

நேற்றுச் சங்குக் கொட்டகைப் பக்கம் போனபோது ஜீவமணி மாமா ஒரு பெரிய சங்கை இடது காதில் வைத்திருந்தார். வழக்கம்போல, "என்ன மாமா கேக்கு?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. போனில் பேசிக்கொண்டிருப்பவர்கள் காட்டுவதுபோல, கொஞ்சம் பொறு என்று கையை மட்டும் காட்டினார்.