படகில் நான்காவது ஆள்

எங்கள் அம்மாவுக்கு மூன்று பேராக எங்கேயும் கிளம்பக் கூடாது. மூன்று பேர் சேர்ந்து போனால் போன காரியம் உருப்படாதாம். வேறு வழியே இல்லை, மூன்று பேர்தான் போயாக வேண்டும் என்றால், வாசலில் கிடக்கிற ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். அது நான்காவது ஆள். அவ்வளவுதான், தோஷம் கழிந்துவிடும்.

அப்பா பெங்களூர் பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். யூனியன் ஆள். அவருக்குச் சாமியும் கிடையாது, சகுனமும் கிடையாது. அம்மா கல்லை எடுத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “அதுக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணுமா?” என்று பஸ் ஸ்டாப் வரை நக்கலடித்துக்கொண்டே வருவார். காலில் எந்தக் கல் தட்டினாலும், “பாத்து, யாராச்சும் சொந்தக்காரங்களா இருக்கப் போறாங்க” என்று எட்டி உதைப்பார்.

இந்தச் சண்டை எப்போதாவதுதான் வரும். ஏனென்றால் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, மூத்தவள் நான், என் தம்பி. ஒரு முறை, தம்பிக்குக் காலில் சுளுக்கு என்று அவனை வீட்டில் விட்டுவிட்டு, ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். அம்மா குனிந்து கல்லை எடுப்பதைச் சோபாவில் படுத்தபடியே பார்த்துவிட்டான்.

“இன்னாமா, பெத்த புள்ளைய உட்டுட்டுக் கல்லைக் கூட்டினு போறியா? நல்லா கீது நியாயம்!”

“அது உன்னை மாதிரி வாயாடாதுடா” என்றாள் அம்மா. கல்யாண வீட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தம்பிக்குப் பறவைப் பைத்தியம். கொரியர் கம்பெனியில் ஆறு நாளும் நாய் மாதிரி அலைந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மனுஷன் தூங்க வேண்டாமா? விடிவதற்குள் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரிக்கரைக்கு ஓடுவான். திரும்பி வந்து நேராக அடுப்படிக்குப் போவான். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். கேமராவின் குட்டித் திரையை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டி, இது கூழைக்கடா, இது நீர்க்காகம் என்று பாடம் நடத்துவான். “தள்ளிக்கோடா, எண்ணெய் தெறிக்கும்” என்பாள். அவள் எதையும் காதில் வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

மைசூர் பக்கம் இருக்கும் ரங்கனதிட்டுப் பறவைச் சரணாலயத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். “காவேரி நடுவுல குட்டிக் குட்டித் தீவுமா. படகுல ஏத்திச் சுத்திக் காட்டுவாங்க. மரம் பூரா கூடு. பாறை மேல மொதலை. ஒரு தபா வாம்மா.” அம்மா எப்போதும் சொல்லும் பதில், “அடுத்த வாரம் போலாம்டா.” அந்த வாரம் தண்ணீர் வராது, அல்லது வரும். யாராவது விருந்துக்கு வருவார்கள். துவைக்கத் துணி மலையாகக் கிடக்கும்.

போன வருடம் கோடை மழை ஆரம்பித்த நேரத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அம்மா அழவில்லை. எடுக்கும்போதும் அழவில்லை, பிறகும் அழவில்லை. “அழ வைங்க, உள்ளயே வெச்சிருந்தா ஆவாது” என்று தெருவே சொன்னது. எப்படி அழ வைப்பது? சமைத்தாள், சாப்பிட்டாள், சீரியல் பார்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அவன் பேரை எடுக்கவில்லை. நாள் முழுக்க அவனை டா போட்டு விரட்டிக்கொண்டிருந்த வாய், அவன் பேச்சு வந்தாலே மூடிக்கொண்டது. நான் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனால் எழுந்து போய்விடுவாள். தம்பி போய்விட்டான், அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு ஆசையே இல்லை.

வருஷம் திரும்பியது. திதி கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் போனில் பிடுங்கினார்கள். அப்பா முடியவே முடியாது என்றார். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு பூண்டு உரித்தபடி இருந்தாள். பிறகு, “அந்தப் படகுல போலாம்” என்றாள்.

கார் தெருமுனையில் வந்து நின்றது. வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினோம். அம்மா வாசலில் குனிந்தாள். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல்லை எடுத்து, முந்தானையில் துடைத்து, கைப்பையில் போட்டாள்.

“இன்னைக்குமா?” என்றார் அப்பா. “இன்னைக்குக் கூடவா?”

“மூணு பேரா போகக் கூடாது” என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாக நாங்கள் சேர்ந்து எங்கேயுமே போகவில்லை. அப்பா போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம். தம்பியின் சாம்பலை அங்கேதான் காவிரியில் கரைத்திருந்தோம்.

ரங்கனதிட்டில் வெயில் ஏறிவிட்டிருந்தது. டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், “எஷ்டு ஜன?” என்று ஆள் கணக்குக் கேட்டார். “நால்கு” என்றாள் அம்மா, கன்னடத்தில், பட்டென்று. அவர் எட்டி எங்களை எண்ணிப் பார்த்தார். “மூரு, சார். மூரே ஜன” என்றார் அப்பா. மூன்று டிக்கெட் வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு கத்த வேண்டும் போல இருந்தது.

படகில் எங்களோடு வேறு ஒரு குடும்பமும் ஏறியது. அம்மா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து, கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அந்தக் குடும்பத்து மனிதர், கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஆளு இருக்கு” என்றாள் அம்மா தமிழில்.

அவர் பலகையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், சிரிக்கப் போனார். எதிரே இருந்த அப்பா அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். அப்பா தள்ளி உட்கார்ந்து, அவருக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

படகுக்காரர் துடுப்பைப் போட்டார். தீவுகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்தன. மரமே தெரியாத அளவுக்குப் பறவைகள், காது கொள்ளாத கூச்சல், எச்ச நாற்றம். ஒரு பாறை மேல் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. “மொசளே நோடி” என்று படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அம்மா கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையை உயர்த்தினாள்.

“பாருடா, மொதலை” என்றாள்.

ஒரு வருடம் கழித்து அவள் வாயிலிருந்து அந்த டா வந்தது. அம்மா நிறுத்தவில்லை. “அது நத்தை குத்தி நாரைடா. அந்தாண்ட வாய் அகலமா இருக்குது பாரு, கரண்டிவாயன். இது மஞ்சள்மூக்கு நாரை, எறக்கையில ரோஸ் அடிச்ச மாதிரி இருக்கும்னியே.” எல்லாப் பேரும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அத்தனையையும் கேட்டு வைத்திருக்கிறாள், பாவி மனுஷி.

கடைசித் தீவில் ஒரு கூழைக்கடா கூட்டுக்கு வந்து இறங்கியது. குஞ்சு பாய்ந்து, தாயின் வாய்க்குள் தலையை முழுதாக நுழைத்துக்கொண்டது. தாய் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது. அம்மாவின் கை கீழே இறங்கியது.

“எத்தனை வாட்டி கூப்ட்டான்” என்றாள். “என் கொழந்தை எத்தனை வாட்டி கூப்ட்டான். நான் வர்லியே. ஐயோ, வராமப் போய்ட்டனே!”

கல்லை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன், நானும் அழுதேன். கூட வந்த குடும்பத்தில் போனை உள்ளே வைத்துவிட்டார்கள். படகுக்காரர் யாரும் கேட்காமலே அந்தத் தீவை இன்னொரு சுற்று சுற்றினார்.

கரைக்கு நெருங்கியதும் அப்பா அம்மாவின் முன்னால் குனிந்தார். நக்கலடிக்கும் குரல் இல்லை அது, எனக்கே புதிய குரல். “ஆத்துல போட்டுடும்மா. அவன் இங்கதானே கீறான். இங்கயே இருக்கட்டும், பட்சிங்களோட.”

அம்மா கல்லை முந்தானையில் துடைத்தாள். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு, மெதுவாகத் திறந்தாள். கையை வெளியே எடுத்தபோது அதில் ஒன்றும் இல்லை.

கரையேறி நடந்தோம். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, “பசிக்குதுடி” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு வருடம் காத்திருந்தேன். அவளைக் காரில் உட்கார வைத்து, நானும் ஏறினேன். அப்பா முன் கதவைத் திறந்தார், ஏறவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாப்பா?”

“இரு, வர்றேன்.”

மரத்தடிக்குப் போனார். முட்டிவலிக்காரர், கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்தார். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். இன்னொன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தார். திரும்பி வந்து அம்மாவின் ஜன்னல் பக்கம் நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல்.

“ஊட்டுக்குப் போவணுமே” என்றார். “இனிமே மூணு பேருதானே நாம.”

கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். அம்மா பின்னாலிருந்து எட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பெங்களூர் வரும்வரை அப்பா அந்தப் பையின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.