நெடுந்தீவுக்கு யாரை அனுப்புவது?

ஆவணி விடுமுறையில் நெடுந்தீவு போனேன். குதிரையையும் பெருக்கமரத்தையும் படம் பிடித்து எழுத நூறு பேர் இருக்கிறார்கள். நான் போனது அக்காவின் மகன் நிரோசனைப் பார்க்க. பதினாறு வயது. புத்தகப் பையில் வாள் இருந்ததென்று பள்ளிக்கூடத்தால் விலக்கிவிட்டார்கள். "கடலுக்கு அங்கால விட்டால் கூடாத சேர்க்கை விட்டுப்போகும்" என்று அத்தான் தீர்ப்புச் சொல்ல, அங்கே உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் சனத்துக்கு இது ஒரு வைத்தியம்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குக் காலை ஆறரை பஸ். அங்கிருந்து படகில் ஒரு மணித்தியாலம். குமட்டல்காரர் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். தீவில் ஓட்டோவுக்கு நாலாயிரம் கேட்டார்கள், மூவாயிரத்துக்குப் பேசினேன்.

"குதிரை பாக்கவோ அக்கா?" என்றார் ஓட்டோக்காரர்.

"இல்லை அண்ணை. இஞ்ச எங்கட பெடியன் ஒருத்தன் நிக்கிறான்."

"ஓ, அந்த டவுன் பெடியனோ? குழப்படிப் பெடியளை எல்லாம் இஞ்ச கொண்டுவந்து கொட்டுறியள். எங்கட தீவென்ன ஜெயிலோ?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிசன் கேட்டதில் என்ன பிழை?

நிரோசன் உடுப்பெல்லாம் அடுக்கிய பையோடு வாசல் படலையடியில் நின்றான். நன்றாக மெலிந்திருந்தான். படிப்பில்லை, வேலையில்லை, கையில் போன் மட்டும். பழைய கூட்டாளிமார் முழுப்பேரும் அதற்குள்தான், கடல் என்ன செய்யும்?

"சின்னம்மா, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"கொப்பர் விடமாட்டாரடா."

"அவர் இப்பவும் குடிச்சுப்போட்டு அம்மாவுக்கு அடிக்கிறவரோ?"

நான் அவனின் பையை எட்டி வாங்கினேன்.

"நான் நிண்டால் குறுக்க விழுவன். அந்த வாளும் முதல் அவரை வெருட்டத்தான் வாங்கினனான். பிறகுதான் பெடியள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டாங்கள்."

ஐயோ, ஏன் வாங்கினாய் என்று இந்தப் பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லையே! பள்ளிக்கூடமும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவனையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, இறங்குதுறையில் நின்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். "கூட்டிக்கொண்டு வராதை," என்றாள், குரலைத் தாழ்த்தி. "அவர் வீட்டிலதான் நிக்கிறார். கண்டால் ரெண்டு பேரில ஒராள் மிஞ்சாது." என் வீட்டில் வைத்திருக்கலாமென்றால் அதுவும் அதே ஒழுங்கை. நிரோசன் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தான். படகு முழுக்க எனக்கு ஆத்திரமும் அழுகையும்.

போக இருப்பவர்களுக்கு: தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், பின்னேரப் படகை விட்டால் அன்றைக்குத் திரும்ப ஏலாது. வீட்டு அடிதடிக்காக யாரையாவது அங்கே விடும் யோசனை இருந்தால், முதலில் அடிக்கத் தொடங்கியவரைப் படகில் ஏற்றுங்கள்.