புதுச்சத்திரம் தாண்டி ஒரு ஜப்பான் ஸ்டேசன்

ஹால்ட்டு ஸ்டேசன்ல டிக்கெட் விக்கிறவளுக்கு ரயிலை நிறுத்தற அதிகாரம் கெடையாதுங்க. ஆனா ரயில் நிக்காம போனா மட்டும் அத்தனை பேரும் அவளைத்தான் திரும்பிப் பாப்பாங்க.

பேர் இல்லாத ஸ்டேசன்

அன்னைக்குக் காலைல கரூர் போற பாசஞ்சர் வளைவு திரும்பி வந்துச்சு, ஹாரன் அடிச்சுச்சு, ஆனா வேகம் கொறையவே இல்ல. பொட்டி பொட்டியா எங்களைத் தாண்டிப் போகுது. உள்ள இருக்கறவங்க எங்களைப் பாக்கறாங்க, நாங்க அவங்களைப் பாக்கறோம். கடேசிப் பொட்டில நின்ன கார்டு ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டே போயிட்டாரு. டிக்கெட் வாங்கினவங்க எல்லாம் கையில டிக்கெட்டோட என் மொகத்தையே பாக்கறாங்க. ஹால்ட்டுல ஸ்டேசன் மாஸ்டரெல்லாம் கெடையாது. நான் டிக்கெட் ஏஜெண்டுங்க, ரயில்வே ஆளு கூடக் கெடையாது. சேலத்துல இருந்து டிக்கெட் கட்டு வாங்கியாந்து, தேதி குத்தி விக்கிறதோட என் வேலை முடிஞ்சுது.

ரயில் சோளக்காட்டுப் பக்கம் போயி ஒரு வழியா நின்னுச்சு. கார்டும் டிரைவரும் வாக்கி டாக்கில பேசி, யார் யார்கிட்டயோ பர்மிசன் வாங்கி, ரயிலு மாட்டு வண்டியாட்ட பின்னாடியே வந்துச்சு. அப்புறம் தெரிஞ்சுது, டிரைவர் இந்தப் பாதைக்குப் புதுசு. ஜன்னல்ல தலைய நீட்டி, "பேர்ப் பலகையே இல்லாம எப்படிங்க நான் கண்டுபுடிக்கறது?"ன்னாரு. திரும்பிப் பாத்தா, எங்க மஞ்சப் பலகை மேல செவப்பு ஜமக்காளம் ஒண்ணு தண்ணி சொட்டச் சொட்டத் தொங்குது. ஈஸ்வரி அக்காவோடது. தெனமும் நாமக்கல்லுக்குக் காய் கொண்டுபோற அக்கா. நான் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க: "ஊட்டுல கொடி அந்து போச்சு சாமி. இங்கதான் வெயில் நல்லா உழுவுது."

காலியா இருக்கற சீட்டு

ரயிலைப் பின்னாடி எடுக்கறதுங்கறது சும்மா இல்லீங்க. ரிப்போர்ட்டு போவுது, கேள்வி வருது. எங்க விசயத்துல வந்த கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: அந்த ஹால்ட்டு தேவையா? அடுத்த வாரம் ஒரு அதிகாரி நேர்ல வந்து பாத்து முடிவு பண்ணுவாருன்னு சேலத்துல இருந்து போன்ல சொன்னாங்க.

பயம் எதுக்குன்னா, ரயில்ல இருந்து பாத்தா எங்க பிளாட்பாரம் எப்பவும் காலியாத்தான் தெரியும். கூரை கெடையாது, பெஞ்சு கொதிக்கும். அதனால எல்லாரும் டிக்கெட் ரூமுக்குப் பின்னால இருக்கற புங்கமரத்தடியில உக்காந்துக்குவாங்க. ரயில் நின்னதுக்கப்புறம்தான் எந்திரிச்சு ஓடியாருவாங்க. அதிகாரி வந்து வெறும் தரையப் பாத்துட்டுப் போனா முடிஞ்சுது. மரத்தடி ஆளுக எல்லாம் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போயி பஸ்ல தொங்கணும். நான் பழையபடி சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஜவுளிக்கடையில பில்லு போடற எடத்துக்குப் போவணும். அந்த வேலைய உட்டுட்டு இங்க வந்ததே ரயில் மேல இருக்கற பைத்தியத்துனாலதான். அன்னைக்குச் சோறு போடறப்ப அப்பா மெதுவா ஆரம்பிச்சாரு: "மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை பேசி வெக்கட்டுமா சாமி? அந்த சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்குதாம்."

வெள்ளைக் கையுறை

நான் ஜப்பான் ரயில் வீடியோவா பாக்கறவ. பெரிய புல்லட் ரயில் இல்லீங்க. நெல்லு வயலுக்கு நடுவுல ஒத்தப் பொட்டி ரயில் வந்து நிக்குமே, அந்தச் சின்ன ஸ்டேசன்க. எங்க ஹால்ட்டு அளவுதான் இருக்கும். அங்க வேலை பாக்கறவரு வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு சிக்னல், தண்டவாளம்னு ஒவ்வொண்ணா வெரல் நீட்டிக் காட்டுவாரு, காட்டினதை வாய் உட்டும் சொல்லுவாரு. வெறுங்கண்ணு சிலதைப் பாத்தாலும் பாக்காத மாதரி உட்டுரும், வெரலும் வாயும் சேந்தா உடாதுன்னு அதுக்குக் காரணம் சொல்றாங்க. யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு நான் ஒரு வாட்டி பலகைய வெரல் நீட்டிக் காட்டியிருந்தா ஜமக்காளம் கண்ணுல பட்டிருக்கும், இத்தனை வம்பும் வந்திருக்காது.

அடுத்த நாளே நானும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு ஆரம்பிச்சுட்டேன். "பலகை, தெரியுது. தண்டவாளம், காலி. பிளாட்பாரம், ஆடு." ஆட்டைத் தொரத்திட்டு மறுக்கா மொதல்ல இருந்து சொன்னேன். மரத்தடியில எல்லாரும் ஈரோட்டுத் துண்டு மூட்டை தூக்கிட்டு யாவாரத்துக்குப் போற ரஷீத் பாயைத்தான் பாத்தாங்க, அவருதான் இப்பிடிப்பட்ட விசயத்துல மொத வார்த்தை பேசற ஆளு. அவரு கண்ணாடியத் தூக்கி என் கையைப் பாத்தாரு: "கையுறை எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பேண்டு செட்டுல மத்தவங்க எங்க?"

வரிசை

இருங்க, ஒருத்தரு ராசிபுரத்துக்குக் கேக்கறாரு, குடுத்துட்டு வாரேன்.

வந்துட்டேன். அந்த ஜப்பான் ஸ்டேசன்கள்ல இன்னொண்ணும் உண்டு. கதவு வந்து நிக்கிற எடத்துல தரையில கோடு போட்டிருப்பாங்க, சனம் அதுல வரிசையா நிக்கும். வரிசையா நின்னா ரயில்ல இருந்தும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும்னு நெனச்சேன். சுண்ணாம்பு கரைச்சு, வெளக்கமாத்துக் குச்சிய வெச்சு நானே கோடு போட்டேன். நாளைல இருந்து தயவு செஞ்சு இதுல நில்லுங்கன்னு மரத்தடியில போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். யாரும் மாட்டேன்னு சொல்லல. அதுலயே நான் உசாராயிருக்கணும்.

மறுநாள் காலைல கோட்டு மேல பாத்தா, ஒரு ஜோடி செருப்பு. அதுக்குப் பின்னால ஒரு காய்க்கூடை. அப்புறம் ஒரு தூக்குப்போசி, ஒரு மஞ்சப்பை, எடம் புடிக்க எதுவும் கொண்டாராத யாரோ வெச்ச ஒரு செங்கல்லு. நேர் வரிசை, ஒண்ணு கூடக் கோடு தாண்டல. ஆளுக அத்தனை பேரும் மரத்தடியில. நடுவுல ரெண்டு பேருக்குச் சண்டை வேற, என் செருப்புக்கு முன்னால உங்க பை எப்படி வந்துச்சுன்னு. நான் தலைல கைய வெச்சுக்கிட்டு, அக்கா, ஆளு நிக்கணுங்கன்னு கெஞ்சினேன். ஈஸ்வரி அக்காவுக்கு என்னைப் பாத்தா நெசமாவே பாவமா இருந்திருக்கும் போல: "அதான் செருப்பு நிக்குதில்ல சாமி. வெயில்ல கூட நாங்களும் எதுக்கு?"

அதிகாரி வந்த காலை

அவரு ரயில்ல வரல. ரயிலுக்கு முன்னாடியே ஜீப்புல வந்து எறங்கிட்டாரு. நான் வெரல் நீட்டிட்டு நின்னேன். "பலகை, தெரியுது"ன்னு ஆரம்பிச்சேன். அவரு வரிசைக்குப் பக்கத்துல போயி குனிஞ்சு பாத்துட்டு, இதெல்லாம் யாரோடதும்மான்னு கேட்டாரு. பயணிகளோடதுங்க சார்னேன். பயணிக எங்கன்னு கேட்டாரு. பொய் சொல்ல வரல. கையுறையோட வெரலை நீட்டி, "மரத்தடி, இருக்காங்க"ன்னுட்டேன். அவரு மரத்தைப் பாத்தாரு, அண்ணாந்து வெயிலைப் பாத்தாரு.

ஹாரன் கேட்டுச்சு. மரத்தடியில இருந்து எந்திரிச்சு வந்தாங்க, அவங்கவங்க செருப்புல காலை உட்டாங்க, கூடையத் தூக்கினாங்க. யாரும் யாரையும் இடிக்கல. அதே புது டிரைவர்தான். சுண்ணாம்புக் கோட்டைப் பாத்து நிறுத்தினாரு போல, கதவு கோட்டுக்குக் கிட்டத்துலயே வந்து நின்னுச்சு. வரிசையா ஏறிட்டாங்க. நான் மூச்சு உடலாம்னு பாத்தப்ப, கோட்டு மேல ஒரு ஜோடி செருப்பு மட்டும் அப்பிடியே நிக்குது. அதிகாரி அதைப் பாத்தாரு. ஈஸ்வரி அக்கா கதவுல நின்னுக்கிட்டு, அது பாயோடதுங்க, டீக்கடையில மூட்டைய மறந்துட்டு எடுக்கப் போயிருக்காருன்னாங்க. எனக்கு உசுரே போச்சு. கார்டு பச்சைக் கொடிய எடுக்கறாரு. அதிகாரி கார்டைப் பாத்துக் கையத் தூக்கி, இருங்கன்னு சைகை காட்டினாரு. அந்தச் செருப்புக்காக ரயில் நின்னுச்சு.

பாய் வெறுங்காலோட மூட்டையத் தோள்ல போட்டுட்டு ஓடியாந்தாரு. செருப்பை மாட்டினாரு, ஏறினாரு, யாருன்னே தெரியாம அதிகாரிய ஏற எறங்கப் பாத்தாரு. பாய்க்கு அவரைப் பாத்துப் பாவமா இருந்திருக்கணும். "ஊருக்குப் புதுசுங்களா? நாளைக்கு வாரப்ப செருப்பை முன்னாடியே வெச்சுருங்க, உங்க எடம் எங்கயும் போகாது."

போன்

அதுக்கப்புறம் நாலஞ்சு நாளு நான் சரியாச் சாப்புடல. போன் அடிச்சா எடுக்கறதுக்கே பயம். முந்தா நேத்துக் காலைல, டிக்கெட் குடுத்துட்டு இருக்கறப்ப அடிச்சுச்சு. சேலத்துல இருந்து. ஹால்ட்டு இருக்கும், ரயில் பழையபடி நிக்கும், கூரைக்கும் எழுதிப் போட்டிருக்காங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு வெச்சுட்டாங்க. கேட்டதும் அப்பாவுக்குச் சொல்லணும், மரத்தடியில போயிச் சொல்லணும்னு தோணுது, ஆனா ஸ்டூல்ல இருந்து எந்திரிக்க முடியல. கண்ணுல தண்ணி அது பாட்டுக்கு ஓடுது. ஜன்னல்ல கைய நீட்டிட்டு நின்ன பெரியவரு ஒருத்தரு, முன்னப் பின்ன நான் பாத்ததில்ல, சில்லறைய என் முன்னால வெச்சுட்டுச் சொன்னாரு: "நாமக்கல்லு ஒண்ணு குடு சாமி. அழுதுக்கிட்டே வேணும்னாலும் குடு, ரயில் வந்துருச்சு."

ஹால்ட்டு பொழைச்சுக்கிச்சுன்னு அதோட ஏஜெண்டு ஒரு நிமிசம் உக்காந்து சந்தோசப்படலாம்னு பாத்தா, என்னைக்கும் லேட்டா வர்ற ரயிலு அன்னைக்குன்னு பாத்து நேரத்துக்கு வந்து தொலைக்குது.