மூன்று தடவை மாட்டிய கிளிப்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. மலேசியாவில், கூலிம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் சிப் சோதிக்கும் வேலை எனக்கு. ஒரு சிப் பாஸ் ஆகவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி மறுபடி மெஷினில் போடுவோம். ஒரு தடவை பாஸ் ஆனால் போதும், நல்ல தட்டில் சேர்த்துவிடுவோம். டார்கெட் முடியணும் லா.

என் மகள் பிறந்த மறுநாள், வார்டு நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், வந்து அவள் கையிலும் காலிலும் கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்த்தாள். மற்ற குழந்தைகளுக்கு ஒரே தடவைதான். என் பிள்ளைக்கு மட்டும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்தாள். பிறகு மூன்றாவது தடவையும் வந்தாள். பிள்ளையோ நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. இவள் எதையோ மறைக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்ல நம்பர் வர்ற வரைக்கும் மாட்டிக்கிட்டே இருப்பீங்களா?” என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “இல்லக்கா, கம்மியா இருக்கிறது நிஜந்தானான்னு பார்த்தேன். மூணு தடவையும் கால்ல கம்மிதான். டாக்டர கூப்பிட்டுட்டேன், இதயத்த ஸ்கேன் பண்ணுவாங்க.”

இதயத்திலிருந்து கீழே போகும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே குறுகியிருந்தது. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து, இப்போது தவழ்கிறாள்.

நான் செய்வதைத்தான் அவளும் செய்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். வேலைக்குத் திரும்பிய அன்று, பாஸ் ஆகாத சிப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மிஸ்ஸியின் கருவிக்குள்ளும் ஒரு சிப் இருந்திருக்கும். அதை என்னைப் போல ஒருத்தி சோதித்திருந்தால்?