கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மா

பள்ளிக்கூட வாசலில் வண்டி மறிக்கும் வேலை என்பது, ரோட்டு நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்று எல்லாரிடமும் ஏச்சு வாங்குவது. ஊர்க்காவல் படையில் சேர்ந்த என்னைக் கோவில்பட்டியில் ஓர் ஆரம்பப் பள்ளி முன்னால் விசிலும் கையுமாக நிறுத்தியிருக்கிறார்கள். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிற உங்களுக்கு என் பாடு புரியும்.

புது பெயிண்ட்

பள்ளி முன்னால் வெள்ளைக் கோடு போட்டார்கள். அதில் ஆள் கால் வைத்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம். எனக்கு ஏக சந்தோஷம். மறுநாள் போய்ப் பார்த்தால், கோட்டின் மேலேயே ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது, பின்னால் இன்னொன்று. எடுக்கச் சொன்னதும் முன்னால் நின்ற ஆட்டோக்காரர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எங்களுக்கு ஸ்டாண்டு போட்டுக் குடுத்திருக்காவன்னுல்லா நெனச்சேன், அண்ணாச்சி."

பின்னால் வருகிறவர்

கடலைமிட்டாய் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு பைக்கில் வந்த ஒருவர், கடந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து போனார். டீக்கடையில் அவரைப் பிடித்துச் சட்டத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

"நான் நின்னுருவேன் அண்ணாச்சி, எனக்குப் பின்னால வாரவன் நிப்பானா?"

ஒரு கூப்பாடு

எதிர்ப்பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அங்கே வேலை பார்க்கும் அம்மாமார் பள்ளி விட்டதும் வெளியே வந்து, அங்கே நின்றபடியே பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். எனக்கு லாரியைவிட இந்தக் கூப்பாட்டைக் கண்டால்தான் பயம்.

ஒருநாள் செல்வி என்கிற அம்மா, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கனியை "ஏட்டி, ஓடியா" என்றார். பிள்ளை அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடியது. கயத்தாறு பக்கமிருந்து பஞ்சு லாரி வருகிறது. பாய்ந்து புத்தகப்பையைப் பிடித்து இழுத்தேன், பையோடு பிள்ளையும் வந்தது. லாரி தாண்டிப் போய்த்தான் நின்றது. பிடித்த பையை விடாமல் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடிவந்த செல்வி மகள் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நான் கூப்பிட்டா ஒடனே வந்துருவியாட்டி?"

விசில்

மறுநாள் அம்மாமாரையும் பிள்ளைகளையும் வைத்துப் பேசினேன். யாரும் கூப்பிடக் கூடாது, விசில் கேட்டுத்தான் கடக்க வேண்டும் என்றேன். கனியும் தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தூறல் போட்டது. செல்வி பழக்கதோஷத்தில், "ஏட்டி, நனையாத, ஓடியா" என்று கூப்பிட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தால் கனி நனைந்துகொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறாள். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கூப்பிட்டுப் பார்த்த செல்வி தானே ரோட்டில் இறங்கவும், மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, அங்கனயே நில்லு. போலீஸ் மாமா இன்னும் விசில் ஊதல."

இந்த ரோட்டில் என் விசிலுக்கு மதிப்புக் கொடுக்கிற ஒரே ஆளுக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை.