ஆயிரத்து எழுநூறு தாண்டல்

தெருவில் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்திப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். "இந்த ஊர்ல பாதிப் பேர் சிரிக்கிறது என் கைவேலைதான்" என்று முன்பெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

மகள் பதிமூன்று வயதில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்து, "ஏங்க, உப்பே போடல. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்பாள்.

"அப்படியா?" என்பார்.

மகளுக்கு வந்திருப்பது இருமுனைக் கோளாறு என்று மனநல டாக்டரம்மா சொல்லியிருந்தார். சில நாள் மனசு உச்சாணிக்கொம்பில் ஏறிக்கொள்ளும், தூக்கமே வேண்டியிருக்காது. பிறகு படுக்கையை விட்டு எழ முடியாதபடி கீழே விழும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவள் கீழேதான் கிடந்தாள்.

"மாத்திரையை நிறுத்தவே கூடாது. அதோட தினமும் உடம்பு அசையணும்" என்றார் டாக்டரம்மா. "இந்த வயசுல மூளை இன்னும் வளர்ந்துட்டுதான் இருக்கு. நெஞ்சு கொஞ்சம் படபடக்கிற மாதிரி ஓடியாடினா ஞாபகம், கவனம் இதுக்கெல்லாம் உதவலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. முடிவா இன்னும் தெரியல. செய்றதுல தப்பில்ல. மருந்துக்குப் பதிலா இதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க."

யாரோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடி. மகள் பதினோரு தாண்டல் தாண்டிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு பழைய டைரியில் 11 என்று எழுதினார். அடுத்த நாளும் 11. அதற்கடுத்த நாள் 14. நம்பிக்கை என்று ஒன்றும் அவரிடம் இல்லை. ஆனாலும் ஒரு நாள் விடாமல் படியேறினார்.

மூன்றாவது வாரம் அறுபது. ஒன்றரை மாதத்தில் முந்நூறு. மகள் வாயிலும் பேச்சு திரும்பியது.

"அப்பா, உன் மூஞ்சியைப் பாத்தா நான் ஏதோ பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரியேன். உன் பல்லெல்லாம் சொந்தப் பல்லுதானே?"

சிரிக்க முயன்றார். வாய் மட்டும் அகன்றது.

பிறகு எண்ணிக்கை தாவியது. ஐந்நூறு. தொள்ளாயிரம். ஒரு காலை ஆயிரத்து எழுநூறு என்று எழுதிவிட்டு, வேகமாகக் கீழே வந்தார். பல மாதம் கழித்து உள்ளே ஏதோ லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

"ஆயிரத்து எழுநூறு! இன்னும் தாண்டிக்கிட்டே இருக்கா" என்றார் மனைவியிடம்.

அவள் அடுப்பை அணைத்தாள். "நாலு நாளா மூணு மணி நேரம்கூடத் தூங்கல அவ. நேத்துலேர்ந்து மூச்சு விடாமப் பேசிக்கிட்டே இருக்கா. உங்ககிட்ட சொன்னேனே. நீங்க நம்பரை மட்டும் பாத்துட்டு இருந்திருக்கீங்க."

மேலே கயிறு தரையில் அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. இருவரும் ஓடினார்கள். மகளின் கால் கட்டைவிரல் கிழிந்து தரையில் ரத்தம் கோடு கோடாக இருந்தது. உதடு வறண்டு வெளுத்திருந்தது.

"இன்னிக்கு நான் நிக்கவே மாட்டேன்! மூவாயிரம், அப்பா! எழுதிக்கோ!"

அவர் சுழலும் கயிற்றுக்குள் நேராக நுழைந்தார். கயிறு காதோடு சேர்த்து அறைந்தது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "விடு! உனக்குப் பொறாமை!" என்று கத்தி, அவர் முன்னங்கையைக் கடித்தாள். அவர் விடவில்லை. வலித்திருக்க வேண்டும். ஆனால் பதிந்த தடத்தைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றியது, மேல் கோரைப்பல் சற்று உள்வாங்கியிருக்கிறது என்பது மட்டும்தான்.

அன்று காலையே டாக்டரம்மாவிடம் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள்.

"நான்தான் ஏத்திவிட்டேனா?" என்று கேட்டார்.

"அப்படிச் சொல்ல முடியாது. மனசு மேல ஏறும்போது உடம்பும் கூடவே ஓடும். அதைப் பயிற்சின்னு நீங்க நினைச்சுட்டீங்க. இனிமே எண்ணாதீங்க. அரை மணி நேரம், மிதமா, அப்புறம் நிறுத்திடணும். தூக்கம் குறைஞ்சா அன்னிக்கே எனக்குச் சொல்லுங்க. இந்த மாத்திரை சாப்பிடறவ வேர்த்துக் கொட்டினா உடனே தண்ணி குடிக்கணும். இல்லன்னா ரத்தத்துல மருந்து அளவு மீறி ஏறிடும், அது ஆபத்து."

நேரத்தோடு பிடித்துவிட்டதால் இந்த முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. இரண்டு வாரம் மனைவி வேலைக்கு லீவு போட்டுவிட்டு மகள் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு வழக்கம்போல இறக்கம் வந்தது. மகள் ஒன்பது நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்தாம் நாள் அவர் கதவருகில் நின்று, "மைதானத்தை ஒரு சுத்து நடந்துட்டு வந்துடலாம்" என்றார். அரை மணி நேரம் அப்படியே நின்றார். கடைசியில் அவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இருவரும் மெதுவாக ஓடுகிறார்கள். தொப்பை குலுங்க அவர் எப்போதும் இருபதடி பின்னால். இந்த வருஷம் ஒரே ஒரு முறைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம் தடைப்பட்டது. மருந்தாலா, தூக்கத்தாலா, ஓட்டத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. பல்செட்காரரும் கேட்பதை விட்டுவிட்டார்.

போன வாரம் ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "அவளைப் பத்திதான் எல்லாரும் கேக்குறாங்க. உங்களுக்கு மனசு எப்படி இருக்கு?"

அவரும் ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

"ஒண்ணும் தெரியல. காலைல எழுந்துக்க முடியுது."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அப்பா, ஷூ நாடா அறுந்துபோச்சு. நாளைக்கு வேணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.